ஒரு பக்க மனு எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை, யாராவது சொல்லிக் கொடுங்கள்

குடியாத்தம் தறி · திங்கள், இரவு 9:40

வணக்கம். எனக்கு நாற்பத்திரண்டு வயது. பத்தாவது வரை தமிழ் வழியில் படித்தேன். குடியாத்தம் பக்கம் ஒரு ஊரில் நாலு தறி வைத்து லுங்கி நெய்து கொடுக்கிறேன். பேசச் சொன்னால் ஒரு மணி நேரம் பேசுவேன். எழுதச் சொன்னால் வியர்க்கிறது. (இந்த ஊர் வெயிலில் எழுதாமலேயே வியர்க்கும், அது வேறு.)

எங்கள் தெருவில் ஒரு மின்கம்பம் சாய்ந்து நிற்கிறது. மூன்று முறை நேரில் போய்ச் சொன்னோம். "எழுதிக் கொடுங்க" என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் படித்தவர், "இதுல என்னப்பா கேக்கற?" என்றார். நான் எழுதியதை அப்படியே போடுகிறேன், சிரிக்காதீர்கள்:

"உயர்திரு ஐயா அவர்கள் சமூகத்திற்கு தாழ்மையுடன் எழுதிக்கொள்வது என்னவென்றால் நாங்கள் மேற்படி தெருவில் மூன்று தலைமுறையாக வசித்து வருகிறோம் என்பதையும் எங்கள் பகுதி மக்கள் அனைவரும் ஏழை நெசவாளர்கள் என்பதையும் தங்கள் மேலான கவனத்திற்குக் கொண்டு வருவதோடு மேற்படி கம்பமானது பல நாட்களாக மிகவும் மோசமான நிலையில் உள்ளபடியால் ஆகவே ஐயா அவர்கள் தகுந்த நடவடிக்கை எடுக்குமாறு…"

இன்னும் அரைப் பக்கம் போகிறது. இது போக, கடைக்காரர்களுக்கு வாட்ஸாப்பில் பாக்கி கேட்டு எழுதினால் சண்டையாகிவிடுகிறது. இதெல்லாம் எங்கே கற்றுக்கொள்வது?

மனு மேசை · திங்கள், இரவு 10:25

தம்பி, சிரிக்கவில்லை. வேலூரில் பத்தொன்பது வருடமாக மேசை போட்டு மனு எழுதிக் கொடுக்கிறேன். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் என்றால் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸில் காலை எட்டு மணிக்கே ஆட்கள் வந்துவிடுவார்கள். பாதிப் பேர் கையில் உன் மனு மாதிரிதான் ஒன்று இருக்கும்.

மனு வாங்குகிறவர் அன்றைக்கு நூறு, இருநூறு தாள் பார்க்கிறார். முதலில் பார்ப்பது 'பொருள்' வரியை. அப்புறம் கடைசிப் பத்தியை. நடுவில் இருப்பதை வேலை செய்யப் போகிறவர்தான் படிப்பார். உன்னுடையதில் பொருள் வரியே இல்லை. கடைசியில் "தகுந்த நடவடிக்கை". தகுந்த நடவடிக்கை என்றால் என்ன? கம்பத்தை மாற்றுவதா, நிமிர்த்துவதா, கம்பியை இழுத்துக் கட்டுவதா? அதை நீதான் சொல்ல வேண்டும்.

மூன்று தலைமுறையாக இருப்பதும் ஏழை நெசவாளர் என்பதும் உண்மைதான். ஆனால் அது பட்டா கேட்கும்போது வேண்டிய விஷயம். சாய்ந்த கம்பம் பணக்காரன் மேலும் விழும். இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லு, எழுதித் தருகிறேன். கம்பம் எதற்கு எதிரே இருக்கிறது? அதற்கு என்ன ஆயிற்று? எப்போதிலிருந்து? விழுந்தால் யார் மேல் விழும்? யாரிடம், எந்தத் தேதியில் சொன்னீர்கள்?

குடியாத்தம் தறி · திங்கள், இரவு 10:50

மாரியம்மன் கோயிலுக்கு எதிரே அக்கா. அடியில் சிமெண்ட் பெயர்ந்து உள்ளே கம்பி தெரிகிறது. போன மாதம் 12ஆம் தேதி அடித்த காற்றில் இன்னும் சாய்ந்தது. பக்கத்திலேயே தொடக்கப் பள்ளி வாசல், இருபது அடி கூட இருக்காது. நேரில் சொன்னது 14, 19, 27.

மனு மேசை · திங்கள், இரவு 11:15

பார்த்தாயா, பள்ளிக்கூட வாசல்! இதை எழுதாமல் மூன்று தலைமுறையை எழுதியிருக்கிறாய். இந்தா:

"பொருள்: மாரியம்மன் கோயில் எதிரே சாய்ந்துள்ள மின்கம்பத்தை மாற்றித் தரக் கோருதல்.

ஐயா, எங்கள் தெருவில் மாரியம்மன் கோயிலுக்கு எதிரே உள்ள மின்கம்பத்தின் அடிப்பகுதியில் சிமெண்ட் பெயர்ந்து கம்பி வெளியே தெரிகிறது. கடந்த மாதம் 12ஆம் தேதி வீசிய காற்றில் கம்பம் மேலும் சாய்ந்துவிட்டது. இருபது அடி தூரத்தில் தொடக்கப் பள்ளியின் வாசல் உள்ளது. இது குறித்து 14, 19, 27 ஆகிய தேதிகளில் நேரில் தெரிவித்துள்ளோம். கம்பத்தை மாற்றித் தருமாறும், மாற்றும் வரை முட்டுக் கொடுத்து நிறுத்துமாறும் கேட்டுக்கொள்கிறேன். இடத்தை அடையாளம் காண, கம்பத்தை ஒட்டிய என் வீட்டு மின் இணைப்பு எண்ணும் கைபேசி எண்ணும் கீழே உள்ளன.

இணைப்பு: படம் 2, தெருவாசிகள் கையொப்பம் 1 பக்கம்."

மேலே அனுப்புநர், பெறுநர். கீழே இப்படிக்கு, இடம், நாள். அவ்வளவுதான். இரண்டு பிரதி எடுத்துப் போ. ஒன்றைக் கொடு, இன்னொன்றில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள். முத்திரை இல்லாவிட்டால் நீ மனு கொடுத்ததற்கு நீயே சாட்சி.

பழைய தபால் · செவ்வாய், காலை 6:10

மனு மேசை அம்மா சொன்னதில் ஒரு குறை இல்லை. ஆனால் "தாழ்மையுடன்", "சமூகத்திற்கு" எல்லாவற்றையும் இப்படி உதறிவிட வேண்டுமா? நான் தபால் துறையில் முப்பத்தாறு வருடம் இருந்தவன். எங்கள் காலத்தில் கடிதம் என்றால் மேலே பிள்ளையார் சுழி, அல்லது 786, அல்லது சிலுவை. "நலம், நலமறிய ஆவல்." கடைசியில் "மற்றவை நேரில்". மங்கலச் செய்தி என்றால் நாலு மூலையிலும் மஞ்சள். சாவுச் செய்தி என்றால் ஓரத்தில் கருப்பு மை. படித்ததும் கிழித்துப் போட்டுவிடுவார்கள், வீட்டுக்குள் வைக்க மாட்டார்கள். படிக்கத் தெரியாதவர்கூட மூலையைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொள்வார். இப்போது எல்லாமே ஒரே மாதிரி டிங் என்று வருகிறது. எது கல்யாணம், எது காரியம் என்று திறந்து பார்த்தால்தான் தெரிகிறது.

மனு மேசை · செவ்வாய், காலை 8:30

ஐயா, நீங்கள் சொல்வது எனக்குச் சாதகமான வாதம்! மஞ்சளும் கருப்பும் என்ன செய்தன? திறப்பதற்கு முன்னாடியே விஷயத்தைச் சொல்லின. 'பொருள்' வரியும் அதைத்தான் செய்கிறது. "சமூகத்திற்கு" எதையும் சொல்லவில்லை. ஒரு "ஐயா", ஒரு "கேட்டுக்கொள்கிறேன்" போதும், மரியாதை வந்துவிடும்.

சொந்தக்காரருக்கு எழுதும் கடிதத்தில் நலம் விசாரிப்பதை நான் வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன். அங்கே அதுதான் விஷயமே.

சத்துவாச்சாரி டீச்சர் · செவ்வாய், மாலை 5:20

எங்கள் குறையையும் ஒப்புக்கொள்கிறேன். பத்தாம் வகுப்புத் தேர்வில் கடிதம் உண்டு, படிவம் நிரப்புதலும் உண்டு. பிள்ளைகள் அனுப்புநர், பெறுநர், உறைமேல் முகவரி எல்லாம் கட்டம் கட்டி அழகாகப் போடுவார்கள். அந்த அமைப்புக்கு மதிப்பெண் இருக்கிறது, நாங்களும் அதையே அடித்து அடித்துச் சொல்லித் தருகிறோம். நடுவில் இருக்கும் விஷயத்தை மனப்பாடம் செய்துகொண்டு வந்துவிடுவார்கள்.

போன வருடம் ஒரு சோதனை செய்தேன். "நாளைக்கு உன் அக்காவுக்கு நிச்சயதார்த்தம். எனக்கு விடுப்புக் கடிதம் எழுது. இரண்டு வரிதான் எழுதலாம்" என்றேன். நாற்பது பேரில் முக்கால்வாசிப் பேர் இரண்டு வரியையும் "மதிப்பிற்குரிய"விலேயே செலவழித்துவிட்டார்கள். எத்தனை நாள் விடுப்பு என்று எழுதியவர்கள் ஆறே பேர். அதில் ஒரு பையன் மட்டும், "வெள்ளி ஒரு நாள் வரமாட்டேன். வீட்டுப்பாடத்தைப் பக்கத்து வீட்டு நண்பனிடம் கேட்டுக்கொள்வேன்" என்று எழுதியிருந்தான். வகுப்பில் கடைசி பெஞ்ச். அப்பா டீக்கடை வைத்திருக்கிறார், கடைப் பலகையில் தினமும் இவன்தான் எழுதுகிறான்.

ஆம்பூர் ஷிப்ட் · செவ்வாய், இரவு 11:55

ஷூ கம்பெனியில் ஆள் கணக்குப் பார்க்கிறேன். எண்பது பேர் இருக்கிற வாட்ஸாப் குரூப். எனக்கு வரும் செய்திகள்:

"சார் உடம்பு சரியில்லை." (சரி, வருவீர்களா, மாட்டீர்களா?)
"சார் நாளைக்கு லீவு." (இரவு 12:20க்கு வந்தால், எந்த நாளை?)
"சார்." (அப்புறம் ஒரு மணி நேரம் ஒன்றுமே இல்லை.)

இந்த "சார்" மட்டும் அனுப்புகிறவர்களுக்கு மறுமையில் தனிக் கேள்வி இருக்கும் என்று நம்புகிறேன். நேரில் வந்தால் கதவைத் தட்டிவிட்டு நிற்பது மரியாதை. போனில் தட்டிவிட்டுப் போய்விட்டால், எதிரில் இருப்பவன் வேலையை விட்டுவிட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. "அஸ்ஸலாமு அலைக்கும் சார், நாளை 18ஆம் தேதி புதன், காய்ச்சல், வரமாட்டேன்." ஒரே செய்தியில் சலாமும் வந்துவிட்டது, விஷயமும் வந்துவிட்டது.

குரூப்பில் ஒரு விதி போட்டேன்: இன்று, நாளை என்று எழுதினால் தேதியும் கிழமையும் சேர்த்து எழுத வேண்டும். ஒரு மாதம் திட்டினார்கள். இப்போது அவர்களே புது ஆட்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

கம்மவான்பேட்டை மருமகள் · புதன், காலை 11:05

எங்கள் ஊர் உங்களுக்குத் தெரிந்திருக்கும், வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர்கள். என் மாமியார் மூன்றாம் வகுப்புதான். ஆனால் அவரைப் போல கடிதம் எழுத இன்னும் யாரையும் நான் பார்க்கவில்லை.

மாமனார் எல்லையில் இருந்தபோது முகவரியில் ஊர் பெயரே இருக்காது. நம்பர், பதவி, பெயர், யூனிட், கீழே 56 ஏ.பி.ஓ. (ராணுவத் தபால் நிலையம்) அல்லது 99 ஏ.பி.ஓ. என்று மட்டும். கடிதம் எந்த மலைக்குப் போகிறது என்று எழுதுகிறவருக்கே தெரியாது. சில சமயம் மூன்று கடிதம் ஒன்றாகப் போய்ச் சேரும், முன்பின் மாறிப் போகும். அதனால் மாமியார் ஒவ்வொரு இன்லேண்டின் தலைப்பிலும் நம்பர் போடுவார்: 14, 15, 16. "14இல் பாதியில் விட்டதை 16இல் எழுதியிருக்கிறேன், 15 வராவிட்டால் கவலைப்படாதே, அதில் மாட்டுக் கதை மட்டும்தான்" என்று எழுதுவாராம்.

முதல் வரி எப்போதும் ஒன்றே: "எல்லோரும் நன்றாக இருக்கிறோம், பணம் வந்தது." அது தெரியாமல் அவரால் மீதியைப் படிக்க முடியாது என்பார். கெட்ட செய்தி இருந்தாலும், யார் நன்றாக இருக்கிறார்கள் என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் அதற்குள் போவார். மணியார்டர் தாளின் அடியில் விரல் அகலத்துக்குச் செய்தி எழுத ஒரு இடம் இருக்குமே, அதில் மாமனார் எழுதி அனுப்பியவற்றை இன்னும் டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறார். ஒன்றில், "300. பள்ளிக்கு 100. உனக்கு சேலை. கடனுக்கு அல்ல." அவ்வளவுதான்.

பழைய தபால் · புதன், மதியம் 2:40

மகளே, கண் கலங்கிவிட்டது. தந்தி நினைவுக்கு வருகிறது. சொல்லுக்குச் சொல் காசு என்பதால் ஜனங்கள் யோசித்து எழுதினார்கள். ஆனால் அதிலும் ஒரு கொடுமை உண்டு. "உடனே புறப்பட்டு வா" என்று மட்டும் கொடுத்துவிடுவார்கள். வாங்கியவர் அழுதுகொண்டே ஜோலார்பேட்டையில் ரயில் ஏறுவார். வந்து பார்த்தால் பெண் பார்க்கும் படலமாக இருக்கும். 2013 ஜூலையில் தந்தியை நிறுத்தினார்கள். ஆனால் "உடனே கூப்பிடு" நிற்கவில்லை, வாட்ஸாப்புக்குக் குடி போய்விட்டது.

பாகாயம் நர்ஸ் · புதன், இரவு 8:15

ஐயா சொன்னதற்கு ஆமாம் போடத்தான் வந்தேன். ஆஸ்பத்திரியில் இருந்து குடும்ப குரூப்பில் எழுதுகிறவர்கள் தயவுசெய்து "அப்பாவுக்கு…" என்று மூன்று புள்ளியோடு நிறுத்தாதீர்கள். புள்ளியைப் பார்த்து இரண்டு சித்தி மயங்கி விழுந்ததை நேரில் பார்த்திருக்கிறேன்.

"அப்பா கண் விழித்துவிட்டார், பேசுகிறார். ஆபரேஷன் மதியம் 1:30க்கு முடிந்தது. இன்று யாரும் வர வேண்டாம், நாளை மாலை 4 முதல் 6 வரை இரண்டு பேர் பார்க்கலாம். மாற்றுத் துணி மட்டும் வேண்டும்." இப்படி ஒன்று போட்டால், வரிசையாக இருபது போன் வருவது நின்றுவிடும். கவனித்துக்கொள்கிறவரும் கொஞ்சம் தூங்கலாம்.

வாலாஜா குமாஸ்தா · புதன், இரவு 10:30

மின்கம்ப மனுவுக்கு முப்பது நாளில் ஒன்றும் நடக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 2005ஆம் வருடச் சட்டம். பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதி, நம் மாநில அலுவலகம் என்றால் பத்து ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. முப்பது நாளில் பதில் வர வேண்டும்.

இதிலும் எழுதும் விதம்தான் முக்கியம். "என் மனு மீது ஏன் நடவடிக்கை இல்லை?" என்று கேட்டால் பதில் வராது. அவர்கள் கொடுக்க வேண்டியது கையில் இருக்கும் ஆவணத்தை, விளக்கத்தை அல்ல. "இந்தத் தேதியிட்ட என் மனு எந்தத் தேதியில் யாருக்கு அனுப்பப்பட்டது? அதன் மீதான கோப்புக் குறிப்புகளின் நகல் தருக" என்று கேளுங்கள். 'ஏன்' என்பதை 'எந்தத் தேதி, யார், நகல்' என்று மாற்றினாலே பாதி வேலை முடிந்துவிடும். முத்திரை வாங்கிய பிரதி அப்போதுதான் கைகொடுக்கும்.

குடியாத்தம் தறி · வியாழன், காலை 7:20

எல்லோருக்கும் நன்றி. பாக்கி விஷயத்தையும் கேட்டுவிடுகிறேன். ஆற்காட்டில் ஒரு கடைக்காரர். பத்து வருடப் பழக்கம், என்னைவிட மூத்தவர். 60 லுங்கி எடுத்தார், பாதிப் பணம் நிற்கிறது. நான் அனுப்பியது: "அண்ணா பணம் எப்ப தருவீங்க?" அவர் பதில்: "ஓடிப் போயிடுவேன்னு நெனச்சியா?" நான் அப்படி நினைக்கவே இல்லை!

ஆம்பூர் ஷிப்ட் · வியாழன், காலை 9:00

நேரில் சிரித்துக்கொண்டே "எப்பண்ணா தருவீங்க" என்றால் அது பேச்சு. எழுத்தில் சிரிப்பு போய்விடுகிறது, கேள்விக்குறி மட்டும் நிற்கிறது. எழுத்தில் 'எப்ப', 'ஏன்' இரண்டும் அடிக்கிற மாதிரிதான் இருக்கும்.

சத்துவாச்சாரி டீச்சர் · வியாழன், காலை 9:45

இப்படி எழுதிப் பாருங்கள் தம்பி: "அண்ணா வணக்கம். போன மாதம் எடுத்த 60 லுங்கியில் 30க்கான பணம் வந்துவிட்டது, நன்றி. மீதி 30க்கானது இருக்கிறது. 25ஆம் தேதி புதன்கிழமை நூல் எடுக்கப் போகிறேன், அதற்குள் கிடைத்தால் உதவியாக இருக்கும். முழுதாக முடியாவிட்டால் எவ்வளவு முடியும் என்று சொல்லுங்கள், அதற்கேற்ப நூல் எடுக்கிறேன்."

வந்ததைச் சொல்லியாயிற்று. வராததற்கு அவரைக் குற்றம் சொல்லவில்லை, உங்கள் தேவையைச் சொல்லியிருக்கிறீர்கள். தேதி இருக்கிறது. அவர் தப்பிக்க ஒரு கௌரவமான வழியும் இருக்கிறது. வழி இல்லாமல் மூலையில் நிறுத்தினால் யாருமே எகிறத்தான் செய்வார்கள்.

காட்பாடி ஜங்ஷன் · வியாழன், மதியம் 1:10

இவ்வளவு எதுக்கு? வாய்ஸ் அனுப்பிட்டுப் போகலாமே. குரல்ல பாசம் தெரியும்ல?

ஆம்பூர் ஷிப்ட் · வியாழன், மதியம் 1:30

படிக்கத் தெரியாத என் நானிக்கு நானும் வாய்ஸ்தான் அனுப்புகிறேன். ஆனால் நாலு நிமிட வாய்ஸில் கணக்கு நம்பர் மூன்றாவது நிமிடத்தில் வருகிறது. பஸ்ஸில் கேட்க முடியாது, அப்புறம் தேடவும் முடியாது. பணம், தேதி, முகவரி மூன்றையும் எழுதிவிடுங்கள். பாசத்தைத் தனியாகப் பேசிக்கொள்ளலாம்.

கம்மவான்பேட்டை மருமகள் · வியாழன், மதியம் 3:00

எழுதினாலும் தமிழ் எழுத்திலேயே எழுதுங்கள். என் நாத்தனார் ஆங்கில எழுத்தில் தமிழ் அடிப்பார். "பல்லி விழுந்துடுச்சு, வீட்டுக்கு வாங்க" என்று அவர் வீட்டுக்காரருக்கு அனுப்பினார். பல்லி விழுந்தால் பலன் பார்க்க வேண்டுமே, அதற்காக. அவர் அதைப் 'பள்ளி' என்று படித்துவிட்டு, பையன் படிக்கிற ஸ்கூலுக்கு ஹெல்மெட் கூடப் போடாமல் ஓடினார். தமிழில் அடிக்கத் தெரியாவிட்டால் போனில் மைக்கை அழுத்திப் பேசினால் அதுவே எழுதிவிடும். ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள், அது எழுதும் கூத்து தனி.

பழைய தபால் · வியாழன், மாலை 6:00

முகவரியைப் பற்றி யாரும் பேசவில்லையே, என் மனசு கேட்கவில்லை. பின்கோடு 1972 ஆகஸ்ட் 15இல் வந்தது. இன்னும் அதைப் போடாமல் "வ.ஆ. மாவட்டம்" என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். வட ஆற்காடு 1989இல் இரண்டாகப் பிரிந்தது. வேலூரும் 2019இல் மூன்றானது. ஆம்பூர் இப்போது திருப்பத்தூர் மாவட்டம். சிவகங்கை மாவட்டத்திலும் ஒரு திருப்பத்தூர் இருக்கிறது! பின்கோடு இல்லாவிட்டால் கடிதம் செட்டிநாடு வரை போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வரும். நம்முடையது 635இல் ஆரம்பிக்கும், அது 630. ஆரணி திருவண்ணாமலை மாவட்டத்துக்குப் போய்விட்டாலும் அதன் பின்கோடு இன்னும் வேலூரைப் போல 632தான். மாவட்டம் பிரிந்தாலும் தபால் பிரியவில்லை.

இன்னொன்று. மனுவைத் தபாலில் அனுப்புகிறவர்கள் கவுண்டரில் பழையபடி ரிஜிஸ்டர் தபால் என்று கேட்டுக் குழம்ப வேண்டாம். 2025இல் அதை ஸ்பீடு போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள். பதிவு வசதியும் சேர்ந்து வேண்டும் என்று சொல்லுங்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

குடியாத்தம் தறி · இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 4:30

நிலவரம் சொல்ல வந்தேன். மனு மேசை அக்கா எழுதியதைக் கொடுத்தேன். வாங்கியவர் பொருள் வரியைப் படித்தார், படத்தைப் பார்த்தார், "பள்ளிக்கூடம் பக்கமா?" என்று ஒரு கேள்விதான் கேட்டார். நகலில் முத்திரை வாங்கினேன். ஐந்தாம் நாள் ஆள் வந்து முட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கம்பம் இன்னும் மாறவில்லை. முப்பதாம் நாளை காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன், வாலாஜா அண்ணா.

ஆற்காடு அண்ணனுக்கு டீச்சர் சொன்னபடி அனுப்பினேன். இரண்டு நாள் பதிலே இல்லை. எனக்குப் பயம். மூன்றாம் நாள் "15 க்கு அனுப்பிட்டேன், மீதி தை பொறந்ததும்" என்று வந்தது. பணமும் வந்துவிட்டது.

இதையெல்லாம் பார்த்த அம்மா, ஆரணியில் இருக்கும் பெரியம்மாவுக்கு ஒரு இன்லேண்ட் எழுதித் தரச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். "நலம், நலமறிய ஆவல்" என்பதை விடக்கூடாது என்று கண்டிப்பு. விடவில்லை. முழங்கால் வலி, தங்கச்சி மகள் சீமந்தம், புது மிக்ஸி என்று முழுத் தாளும் நிறைந்துவிட்டது. கடைசியில் "வரும்போது அரிசி கொண்டு வா" என்று எழுத இடமில்லாமல் ஓரத்தில் செங்குத்தாக எழுதினேன். தபால் ஐயா, ஆரணிக்கு 632301தானே?

பழைய தபால் · ஞாயிறு, மாலை 5:05

அதேதான். "வ.ஆ." என்று போட்டுவிடாதே.